நான் மொழிபெயர்க்காத வரிகள்

வேலையை விட்டு ஒன்பது மாதமாகிறது. போன மாதம், என்னோடு வேலை செய்த இளம் பிள்ளைகள் இரண்டு பேர் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தார்கள். வைத்தியசாலையில் கவுன்சலிங் செய்கிற உளவளத்துணைப் பிரிவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை இனித் தனியாக எடுக்கப் போகிறார்களாம். பயிற்சி வகுப்பில் வாசிக்கக் கொடுப்பதற்கு, "மிஸ், உங்கட அனுபவத்தில நல்லதா ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். தேநீர் குடித்தார்கள், கேக் சாப்பிட்டார்கள், என் பேரனின் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். புற்றுநோய் வார்டில் பத்தொன்பது வருடம் இருந்தவளிடம் நல்லதாக ஒன்று கேட்பது மீன்கடையில் மல்லிகைப்பூ விசாரிப்பது போல. கிடைத்தாலும் அதில் மீன் வாடைதான் அடிக்கும்.

நல்லதும் சில நடந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மொழிபெயர்க்க வருகிற பிள்ளைகளுக்கு உதவக்கூடியது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது நான் விட்ட பிழை. வைத்தியசாலையின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் பிழை வைத்தியசாலையுடையது அல்ல. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். எங்கள் ஒழுங்கையில் ஒரே பொதுக்குழாய், அதில் தண்ணீர் பிடித்த வீடுகளில் பாதி சிங்கள வீடுகள். அதனால் சிங்களம் எனக்குப் படித்து வந்ததல்ல, சண்டை பிடித்து வந்தது. கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்தேன், சில வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், பிறகு உளவளத்துணையில் டிப்ளோமா செய்தேன். நாற்பத்தொரு வயதில் வார்டுக்குள் காலை வைத்தேன். டிப்ளோமாவில் படித்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைக்க வேண்டும். அந்த ஒரு வரியைச் செய்யப் பழகுவதற்கு எனக்குப் பத்து வருடம் சென்றது.

உளவளத்துணை என்றால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். என் வேலையில் பாதி, நல்ல வார்த்தை சொல்ல வருகிறவர்களை வாசலில் மறிப்பதுதான். ஒருவர் கைமருந்தென்று அன்னமுன்னா இலையோடு வருவார். இன்னொருவர் பப்பாசி இலைச் சாறோடு வருவார். மூன்றாமவர் வெறுங்கையோடு வந்து, "தைரியமா இருங்கோ, உங்களுக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அழுவார். நோயாளி இவை எல்லாவற்றையும் படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் இல்லாத ஆளுக்கு ஏன் இவ்வளவு பேர் அழுகிறார்கள் என்று அவரும் யோசிக்கத்தானே செய்வார்?

இந்த வேலையோடு எனக்கு இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் பெரிய டொக்டர் சிங்களவர், வருகிற நோயாளி தமிழ். நடுவில் ஆள் வேண்டும். அதற்கென்று சம்பளத்துக்கு எடுத்த ஆள் அப்போது இல்லை. "மிஸிஸ் கமலாவைக் கூப்பிடுங்கள்" என்பார்கள். நான் ஓடுவேன். எனக்கு அதில் பெருமை இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிற பெருமை அது.

அந்தப் பெரிய டொக்டரை நிலந்தி என்று வைத்துக்கொள்வோம். மெலிந்த உருவம், நரைத்த தலை, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அதிலிருந்து ஒரு நாளும் அவர் விலகியதில்லை. நோயாளியின் கோப்பை வெளியே நடையில் நின்று முழுக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும் அதைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வருவார். கையில் கோப்பு இருந்தால் நோயாளி நம் முகத்தைப் பார்க்காமல் கோப்பையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அவருடைய கணக்கு. நின்றுகொண்டு எதுவும் சொல்லமாட்டார். கதிரையை இழுத்துப் போட்டு, நோயாளியை விடச் சற்றுப் பதிவாக உட்காருவார். உறவினர்களை நோயாளியின் முதுகுப் பக்கம் நிற்க விடமாட்டார். "முன்னால் வாருங்கள், அவர் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும்" என்பார்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இரண்டாவது: இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்? அதன் பிறகு ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். நோயாளி மூச்சை வெளியே விடும் வரை அடுத்த வசனம் வராது. எல்லாம் முடிந்த பிறகு, "வீட்டுக்குப் போய் உங்கள் சகோதரிக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்? எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்பார். நோயாளி சொல்வதை வைத்துத்தான் என்ன விளங்கியிருக்கிறது என்று அறிந்துகொள்வார். அந்தக் கடைசிப் படியை ஒரு நாளும் விடமாட்டார். எனக்குச் சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும், வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருப்பார்கள்.

அந்த முறை பலித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மருதானையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டோம். இரண்டாவது கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "எத்தின மாசம் ஈக்குதுண்டு கேளுங்க மிஸ். ஒண்டும் மறைக்க வாணாம்" என்றார். டொக்டர் சொன்னார், நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நானா ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த இரண்டு மாதத்தில் தம்பியோடு இருந்த பழைய கோபத்தைத் தீர்த்தார், மகளின் நிக்காஹ்வை நாற்காலியில் இருந்து நடத்தி முடித்தார், ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலேயே மௌத்தானார்.

அதைப் பார்த்த பிறகும் என் மண்டைக்குள் ஏறவில்லை. முஸ்லிம்கள் மரணத்தைப் பற்றி வாய் திறந்து பேசிப் பழகியவர்கள், எங்கட ஆட்கள் தாங்கமாட்டார்கள் என்று நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எங்கள் வீடுகளில் நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்வதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வீடு முழுவதற்கும் தெரியும், கனடாவில் இருக்கிற மருமகளின் தாய்க்கும் தெரியும், படுத்திருப்பவருக்கு மட்டும் 'வயிற்றில் ஒரு சின்னப் புண்'. அதை அன்பு என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அன்புதான், இல்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

பத்மாவதி அம்மா வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன். என்னை விட இரண்டு, மூன்று வயது மூத்தவர், கணவனை இழந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஃபிளாட் எடுத்து இருபது வருடம் இருந்தவர். அவருடைய சிங்களம் மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும். மகன் கிருபா கலியாணம் கட்டிக் கிருலப்பனையில் இருந்தான். மகள் மாது தாயோடு இருந்தாள். மாதுவுக்கு இருபத்தேழு வயது, விளங்கும் அறிவு நாலு வயதுப் பிள்ளையினுடையது. பேச்சு சில சொற்கள்தான்.

முதல் நாள் கிளினிக்குக்கு மாதுவும் வந்தாள். இரட்டைப் பின்னல், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. தாயின் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பத்மாவதி அம்மா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, முதலில் தான் ஒரு நுனியைக் கடித்துவிட்டு அவளுக்கு ஊட்டினார். நான் ஒரு துண்டை நீட்டினேன். மாது வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆரிட்டையும் வாங்காள் மிஸ். நான் குடுத்தாத்தான்" என்றார் பத்மாவதி அம்மா. குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரு தாய்க்கு அந்தப் பெருமை வராமல் இருக்குமா?

ஸ்கேன் முடிவு வந்த நாள், ஒக்டோபர் மாதம். டொக்டர் நிலந்தி நடையில் நின்று கோப்பை வாசித்துக்கொண்டிருந்தார். கிருபா என்னைத் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவன், எந்த நேரமும் சட்டையை உள்ளே விட்டு நேர்த்தியாக நிற்கிற பிள்ளை.

"மிஸ், அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அப்பாக்கு உப்பிடித்தான் டொக்டர் நேர சொன்னவர். சொல்லிப் பதினோராம் நாள் அப்பா போட்டார். நோய் வருத்தத்தில போகேல்ல மிஸ், பயத்தில போனவர். அம்மாவும் அப்பிடிப் போனா மாதுவை ஆர் பாக்கிறது?"

"டொக்டர் சொல்லத்தான் செய்வா தம்பி. அவ மறைக்கிற ஆள் இல்லை."

"அவ சிங்களத்தில சொல்லட்டும். தமிழில நீங்கள்தானே சொல்லப்போறீங்கள்? நீங்களும் எங்கட ஆள்தானே மிஸ்."

அந்தக் கடைசி வசனத்தில்தான் நான் விழுந்தேன். தலையை ஆட்டினேன்.

உள்ளே போனோம். கதிரை இழுத்தாயிற்று, கிருபாவை முன்னால் கூப்பிட்டாயிற்று. என்ன தெரியும் என்ற முதல் கேள்விக்கு, "வயித்துக்குள்ள ஒரு கட்டி. எடுக்கலாம் எண்டு சொன்னவை" என்றார் பத்மாவதி அம்மா. எவ்வளவு தெரிய விருப்பம் என்ற இரண்டாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. "டொக்டர் இப்ப விளங்கப்படுத்தப் போறா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். "எல்லாம் தெரிய வேண்டுமாம்" என்று டொக்டரிடம் சொன்னேன்.

டொக்டர் நாலு விடயம் சொன்னார். நோய் ஈரலுக்கும் வயிற்றின் உட்சவ்வுக்கும் பரவிவிட்டது. மருந்து கொடுக்கலாம், அது நோவையும் வயிற்றில் சேரும் நீரையும் குறைக்கும், நோயைக் குணப்படுத்தாது. நாங்கள் மூன்று, நாலு மாதம் என்று நினைக்கிறோம், குறையவும் கூடும். நாலாவதைச் சொல்லும்போது கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு யாருக்காவது ஏதாவது செய்து வைக்க வேண்டியிருந்தால், அதைத் தள்ளிப் போடாமல் இப்போதே தொடங்குங்கள்."

நான் தமிழில் சொன்னது இது: "வயித்துக்குள்ள கொஞ்சம் பரவியிருக்காம் அம்மா. மருந்து குடுக்கப்போகினம். வேலை செய்ய நாள் எடுக்குமாம்."

பத்மாவதி அம்மா மூச்சை வெளியே விட்டார். டொக்டர் கடைசிப் படிக்கு வந்தார். வீட்டில் எப்படிச் சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள். "கொஞ்சம் பரவியிருக்கு. மருந்து எடுக்கவேணும். நாளெடுக்கும், பொறுமையா இருக்கவேணும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவித்துவிட்டுச் சிரித்தார். நான் டொக்டரின் பக்கம் திரும்பி, "பரவியிருப்பது தெரியுமாம். மருந்து குணப்படுத்தாது என்பதும் விளங்கியதாம். காலம் குறைவு, பொறுமையாக ஏற்றுக்கொள்ளப் போகிறாராம்" என்று சிங்களத்தில் சொன்னேன். என் குரலில் ஒரு தடங்கலும் வரவில்லை.

டொக்டர் நிலந்தி பத்மாவதி அம்மாவின் சிரித்த முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு தைரியமான பெண்ணை நான் அதிகம் கண்டதில்லை என்று சொல்லுங்கள்" என்றார். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பத்மாவதி அம்மா வெட்கப்பட்டார். கிருபா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு மனம் லேசாகத்தான் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு உதவி செய்துவிட்ட நினைப்பு. அதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வருவார். நான் பக்கத்தில் போய் உட்காருவேன். மாதுவைக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார்கள், ஊசியைக் கண்டு கத்துகிறாளாம். கிருபாவின் மனைவி தர்ஷினி வெள்ளவத்தைக்கு வந்து அவளுக்குக் காவலிருப்பாள். தாய் வீடு திரும்பும் வரை, காலை தொடங்கிப் பின்னேரம் வரை, மாது பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

"தர்ஷினி நல்ல பிள்ளை மிஸ். அவளிட்ட சாப்பிட மாதுவைப் பழக்கவேணும். நாளைக்கு எனக்கொண்டு எண்டா அவள்தானே பாக்கவேணும். நான் கொஞ்சம் எழும்பட்டும், பழக்கிறன்" என்றார் முதல் தடவை. அடுத்த தடவையும் அதைத்தான் சொன்னார். "இப்ப பழக்க வெளிக்கிட்டா அவள் அழுவாள், எனக்கு அந்த அழுகையைத் தாங்கச் சத்தில்லை. நான் கொஞ்சம் எழும்பட்டும்." நான் அவருடைய போர்வையைச் சரிசெய்தேன். வேறு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரங்கள் அவை. பத்து வருடம் பாடுபட்டுப் பழகிய மௌனம் அன்றைக்கு எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

பொங்கலுக்கு முதல் கிழமை அவரை வார்டில் அனுமதித்தார்கள். வயிறு நீரால் வீங்கி, முகம் ஒடுங்கி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கிருபா கன்ரீனுக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கிட்ட வரச்சொன்னார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. அண்டைக்கு அந்த டொக்டர் கனநேரம் கதைச்சவா. நீங்கள் ரெண்டு, மூண்டு வரிதான் சொன்னீங்கள். சிங்களம் நீளமான பாஷையாக்கும் எண்டு அப்ப நினைச்சனான்."

நான் அவருடைய போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டேன்.

"சிங்களத்தில மாசத்தை 'மாச' எண்டுதானே சொல்லுறவை, அதையும் ஒருக்காச் சொன்னவா. மருந்து மாசக்கணக்கில ஏத்தவேணுமாக்கும் எண்டு நினைச்சன். அது இல்லைத்தானே?"

"இல்லை அம்மா."

"எத்தினை மாசம் எண்டவா?"

"மூண்டு. இல்லாட்டி நாலு."

அவர் அழுவார் என்று நான் காத்திருந்தேன். ஏசினாலும் நல்லது என்று நினைத்தேன். அவர் போர்வைக்கு மேல் விரல்களை மடக்கி எண்ணினார். ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர். மூன்றாவது விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு மாசம்" என்றார். "மூண்டு மாசத்தில அவளைப் பழக்கிப்போட்டிருப்பன் மிஸ். அழுதிருப்பாள். ஒரு மாசம் அழுதிருப்பாள். பிறகு தர்ஷினியின்ர கையால சாப்பிட்டிருப்பாள்."

அவர் செத்துப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரைப் பயத்திலிருந்து காப்பாற்றப் போவதாக நானும் கிருபாவும் நினைத்தோம். அவருக்கு இருந்த ஒரே பயம் மாது. அதற்கு மருந்து அவருடைய கையிலேயே இருந்தது, வேண்டியிருந்தது நாட்கள் மட்டும்தான். அந்த நாட்களை எடுத்து ஒளித்து வைத்தவள் நான்.

அன்று மத்தியானம் டொக்டர் நிலந்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். சத்தம் போடவில்லை. "அன்றைக்கு அவர் சிரித்தார். நான் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "மன்னிப்புக் கேட்டீர்களா?"

"இன்னும் இல்லை."

"கேளுங்கள். ஆனால் உங்களை ஆறுதல்படுத்துகிற வேலையை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்."

அதன் பிறகு பல மாதம் அவர் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டார். கிழமையில் இரண்டு நாள் தமிழ் வகுப்புக்குப் போகத் தொடங்கினார், அந்த வயதில், அந்த வேலைச் சுமையோடு. என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப் போடவில்லை. எழுதியிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் பத்மாவதி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ மிஸ். பேனை இருக்கே?" என்றார்.

ஒரு கொப்பி வாங்கி வந்தேன். மாதுவின் ஒரு நாளை, எழும்புவது முதல் படுப்பது வரை, அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். தர்ஷினிக்குக் கொடுக்க. நோவைக் குறைக்கிற மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்கும் கண் சொருகுவதற்கும் இடையில் அவருக்கு ஒரு தடவையில் இருபது நிமிடம் கிடைக்கும். அந்த இருபது நிமிடத்தில் குரல் மெல்லியதாக இருந்தாலும் சொல் பிசகாது.

எழும்பின உடனே திரைச்சீலையை இழுக்கக்கூடாது, அவள் தானாக எழும்பி இருந்த பிறகுதான் வெளிச்சம் விட வேண்டும். பிரஷை இடக்கையில் கொடுக்க வேண்டும். இருபது வரை எண்ணினால் மினுக்கி முடிப்பாள், எண்ணுவதை நடுவில் விட்டால் அவளும் விட்டுவிடுவாள். குளிக்க வார்க்கும்போது முதலில் கால், பிறகு கை, தலை கடைசி. மாதத்தில் அந்த மூன்று நாளும் இரத்தத்தைக் கண்டு பயப்படுவாள். "நோகேல்ல, நோகேல்ல" என்று சொல்லித் அவளுடைய உள்ளங்கையைத் தடவ வேண்டும். தலை பின்னும்போது இடப் பக்கம் முதலில். இடியப்பத்தைப் பிய்த்துக் கொடுக்க வேண்டும், சொதியைத் தனியாக வைக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் முதல் வாயை ஊட்டுகிற ஆள் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

"இதை அடிக்கோடு போடுங்கோ மிஸ்" என்றார். போட்டேன்.

எழுதத் தொடங்கிய முதல் நாள் கிருபா வந்தபோது, "அம்மாக்கு ஆர் சொன்னது?" என்று என்னிடம் பாய்ந்தான். தாய் அவனைப் பார்த்து, "தம்பி, மிஸ்ஸுக்கு இடைஞ்சல் குடாதை. நாங்கள் இப்பதான் காலமைச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறம்" என்றார். அவன் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் தானாகவே மாதுவையும் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

மாது தாயைக் கண்டதும் ஓடிவந்து சேலைத் தலைப்பைத் தேடினாள். வைத்தியசாலைச் சட்டையில் தலைப்பு ஏது? போர்வையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். தர்ஷினி சோறும் பருப்பும் குழைத்து ஒரு கோப்பையில் கொண்டுவந்திருந்தாள். முதல் வாயைத் தான் சாப்பிட்டுக் காட்டினாள். இரண்டாவதை நீட்டினாள். மாது வாயை மூடிக்கொண்டாள். பத்மாவதி அம்மா ஊசி ஏற்றியிருந்த கையைத் தூக்கித் தர்ஷினியின் மணிக்கட்டில் வைத்தார். இரண்டு கையும் சேர்ந்து மேலே வந்தன. மாது தாயின் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

அடுத்த வாய்க்குத் தாய் கையை எடுத்துக்கொண்டார். மாது முகத்தைத் திருப்பிவிட்டாள். மீண்டும் கையை வைத்தார், சாப்பிட்டாள். அப்படி ஐந்து வாய். ஆறாவதுக்குக் கை எழும்பவில்லை. "காணும், நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். தர்ஷினி கோப்பையோடு வெளியே போய் நின்று அழுதாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு வரை எழுதினோம். மீனில் முள் பார்க்கிற விதம், தயிர் கொடுக்கக்கூடாத நாட்கள், சாப்பிட்ட பிறகு எந்தப் பக்கம் படுக்கவிட வேண்டும். இருபது நிமிடம் தாண்டிவிட்டது. அவருடைய நாக்கு தடித்துச் சொற்கள் ஒட்டத் தொடங்கின.

"மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன்" என்றார். "பின்னேரம்தான் மிஸ் கஷ்டம். அது கொஞ்சம் விளங்கப்படுத்தவேணும்."

மறுநாள் அவர் கண் விழிக்கவில்லை. அதற்கடுத்த நாள் விடியப் போய்விட்டார். மாதுவைக் கிருலப்பனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொப்பியைத் தர்ஷினியிடம் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தர்ஷினி தொலைபேசி எடுத்தாள்.

"மிஸ், கொப்பியில இருக்கிற மாதிரித்தான் எல்லாம் செய்யிறன். பதினைஞ்சு நாள் பால் மட்டும்தான் குடிச்சவள். இப்ப என்ர கையால கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுறாள். மத்தியானம் வரைக்கும் பரவாயில்லை. நாலரை மணியானா செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில நிண்டு கதவை அடிக்கிறாள். வெளியில கூட்டிக்கொண்டு போனாலும் அழுகை நிக்குதில்லை. மாமி பின்னேரத்தில எங்கயோ கூட்டிக்கொண்டு போறவா போல. கொப்பியில அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. வேற தாளில ஏதும் எழுதினீங்களே?"

"இல்லைப் பிள்ளை. அவ்வளவுதான் சொன்னவா."

"உங்களுக்கு ஏதும் சொல்லியிருப்பாவோ எண்டு கேட்டன்" என்றாள். பின்னால் கதவு அடிபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பத்மாவதி அம்மா இருந்த ஒழுங்கையில் வீடு வீடாக விசாரித்தேன். பின்னேரத்தில் இரண்டு பேரும் கைபிடித்துக்கொண்டு போவதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள், எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அன்று தொடங்கி இப்போதும் சனிக்கிழமைகளில் கிருபா மாதுவை ஓட்டோவில் என்னிடம் கொண்டுவந்து விடுவான். நானும் அவளும் அவர்களுடைய பழைய வீட்டு வாசலில் இருந்து நடக்கத் தொடங்குவோம். கோயிலுக்குப் போய்ப் பார்த்தோம். ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தோம். சந்தைக்கு, பேக்கரிக்கு, பூக்கடைக்கு, நூலகத்து வாசலுக்கு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நின்று பார்ப்பாள், பிறகு அழத் தொடங்குவாள். அவளுக்கு வழி தெரியாது. வழியைப் பார்த்து நடந்தவள் அல்ல அவள், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். காலி வீதி என்கிற பெரிய தெருவுக்கு வந்ததும் நின்று, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று என் கையை இழுத்துக் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.